பென்சில் வயது

கம்ப்யூட்டர் மலையேறி வந்த அன்றைக்கு நாயுடுபுரம் ஆபீசில் சிலுவைராஜைத் தவிர எல்லோருக்கும் வேலை இருந்தது. பெட்டிகள் வத்தலக்குண்டிலிருந்து கம்பெனி ஜீப்பில் வந்தன. வளைவுகளில் குலுங்கிவிடக் கூடாதென்று அடியில் மெத்தை போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, வழி நெடுக வண்டியை நடக்க வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பேறுகாலத்துக்குப் போகிற பெண்ணைக்கூட அந்த ஜீப்பில் யாரும் அவ்வளவு பதனமாகக் கூட்டிப்போனதில்லை. அவளை மிளகு மூட்டைக்கு மேலேதான் உட்கார வைப்பார்கள்.

"சிலுவை, நீ தொடாத. கை நடுங்கும்" என்றார் மானேஜர் நல்லசாமி. சொல்லிவிட்டுச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சிலுவைராஜுக்கு அப்படியொன்றும் கை நடுங்குகிற வயதில்லை, நாற்பதைத் தாண்டி கொஞ்சம்தான் ஆகியிருந்தது. ஆனால் மானேஜர் சிரித்தால் கூடச் சிரிக்க வேண்டும் என்பது அந்த ஆபீசின் வழக்கம். அவனும் சிரித்து வைத்தான்.

கம்பெனிக்குப் பெரும்பாறைப் பக்கம் காப்பித் தோட்டம். ஊடே மிளகும் ஆரஞ்சும். அங்கே வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளிகள் அத்தனை பேருடைய ரிஜிஸ்டரும் மேலே கொடைக்கானலில், நாயுடுபுரம் ஆபீசின் பின்கட்டில் இருந்த ரிக்கார்டு ரூமில் அடுக்கியிருந்தது. யார் எப்போது வேலைக்குச் சேர்ந்தார், யாருக்கு யார் வாரிசு, எந்த லயத்தில் எந்த வீடு, எல்லாம் அதில் உண்டு. இளவட்டமாக வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அதற்குக் காவல் சிலுவைராஜ்தான். ஊரில் எல்லோருக்கும் அவன் ரைட்டர். கொடைக்கானல் மழைக்குக் காகிதம் தாங்காது. கவனிக்காமல் விட்டால் பூஞ்சணம் பூத்து, பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி கார்த்திகையில் அவன் வெள்ளனே வந்து, குமுட்டி அடுப்பில் கரி மூட்டி அறையைச் சூடாக்கி, ஒவ்வொரு ரிஜிஸ்டராக எடுத்துப் பக்கம் பிரித்து அனல் காட்டுவான். வெயில் எட்டிப் பார்த்தால் வாசலில் சாக்கை விரித்து எல்லாவற்றையும் காயவைப்பான். வீட்டில் பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு செய்ததில்லை என்று அவன் மனைவி சகாயராணி சொல்வதுண்டு. அது உண்மைதான்.

அந்த ரிஜிஸ்டர்களில் பழைய ஆட்களுக்கெல்லாம் இரண்டு வயது. மசியில் ஒன்று, பென்சிலில் ஒன்று. தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்த புதிதில், சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வர ஆரம்பித்தார். பிள்ளைகளை நிறுத்திவிட்டால் பழம் பறிக்க ஆள் ஏது? அன்றைக்கு ரைட்டராக இருந்த லூர்துசாமி, பத்து வயசுக்காரிக்கும் மசியில் பதினெட்டு என்று எழுதினார். ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளை மிளகுக் கொடிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். ஆனாலும் லூர்துசாமி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தவறாத மனிதர். பொய் எழுதியது உறுத்தியிருக்கும்போல, பக்கத்திலேயே பென்சிலில் நிஜமான பிறந்த வருஷத்தையும் போட்டு வைத்தார். வேலைக்குச் சேர மசி, ஓய்வு பெறப் பென்சில். பென்சில்படி ஐம்பத்தைந்து முடிந்தால்தான் ஓய்வு. வருஷா வருஷம் அந்தப் பட்டியலைச் சிலுவைராஜ் தயார் செய்வான், மானேஜர் கையெழுத்துப் போடுவார். புதிதாக வந்த நல்லசாமி அதற்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை. லயத்தில் பேச்சே அப்படித்தான். வயசு என்ன என்று யாரும் சொல்லமாட்டார்கள். "எனக்குப் பென்சில்ல இன்னும் ஆறு வருஷம் கெடக்கு" என்பார்கள்.

கம்ப்யூட்டருக்கு வேண்டியதை எழுத மெட்ராசிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். தினமும் மாடியில் கூட்டம். அக்கவுண்டண்டைக் கூப்பிட்டார்கள். ஸ்டோர்க்காரரைக் கூப்பிட்டார்கள். டீசல் சீட்டு விவரம் கேட்க ஜீப் டிரைவரைக்கூடக் கூப்பிட்டார்கள். சிலுவைராஜ் இஸ்திரி போட்ட சட்டையோடு தினமும் ரிக்கார்டு ரூம் வாசலில் காத்திருந்தான். கூப்பிடுகிற வழியைக் காணோம். மத்தியானமானால் எதிர்த்தாற்போலிருந்த பஷீர் அகமதுவின் டீக்கடையில் போய் உட்கார்ந்துகொள்வான்.

"என்ன ரைட்டரே, இன்னைக்கும் கூப்பிடலையா?" என்றார் பஷீர்.

"கூப்பிடுவாங்க பாய். ஆளுங்க வெவரம் பூராவும் நம்மகிட்டதான கெடக்கு. நம்மளக் கேக்காம என்னத்தக் கட்டிருவாங்க?"

"டிரைவர் இப்பத்தான் வந்துட்டுப் போறான். உள்ள முந்திரி பிஸ்கெட்டு குடுத்தாங்களாம்."

"அவனுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுதான். ஆனா பிஸ்கெட்டு தின்னுட்டான்ல."

சிலுவைராஜ் பன்னைப் பிய்த்து டீயில் நனைத்தான். முகம் கறுத்துவிட்டது.

"கோவிக்காதீங்க. நீங்களே மேல போயி, இன்ன மாதிரி ரெண்டு வயசு இருக்கு, பாத்துச் செய்ங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா என்ன?"

"கேட்டாச் சொல்லுவேன் பாய். கேக்காத எடத்துல போயி வாயத் தொறக்கச் சொல்றீங்களா? போட்டுப் பாக்கட்டும். பாதி வழியில மிஷினு முட்டிக்கிட்டு நிக்கும். அப்ப ஓடி வருவாங்க, சிலுவைராஜ் எங்கன்னு."

"முட்டிக்கிறது மிஷினா இருந்தாச் சரி" என்றபடி பஷீர் பாலை ஆற்றினார்.

அந்தப் பேச்சு அன்றைக்கே அவன் காதில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ரோஷம் வந்துவிட்டால் மனுஷனுக்குக் காது அடைத்துவிடும்.

அந்த வாரக் கடைசியில் அவனுடைய அக்கா கித்தேரியம்மாள் பெரும்பாறையிலிருந்து வந்தாள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு வழியாக வளைந்து வளைந்து வரும் பஸ்ஸில், ஒரு பை ஆரஞ்சும் ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வந்த உடனே வீட்டுக்குள் நுழையமாட்டாள். வாசலில் நின்று காலில் ஒட்டிய அட்டை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். தோட்டத்துப் பழக்கம்.

அவர்களுடைய அப்பாவைக் காட்டெருமை முட்டிக் கொன்றது. அம்மா அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போனாள். அக்கா அப்போதுதான் பத்து வயதில் கூடையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். அவளுக்குத்தான் லூர்துசாமி பதினெட்டு என்று எழுதினார். நாலு வயதுத் தம்பியைக் காப்பிச் செடி நிழலில் சாக்கில் உட்கார வைத்துவிட்டுப் பழம் பறித்தாள். அவனை மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்க வைத்தாள். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. கட்டிக்கொண்டு போனால் இவன் கதி என்னவாகும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

சகாயராணி கருவாட்டுக் குழம்பும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்திருந்தாள். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்.

"ஏலே, மிஷினு வந்துருச்சாமே. லயத்துல ஒரே பேச்சு. எங்க பேரெல்லாம் அதுக்குள்ள ஏத்திருவாங்களாமே?"

"ஏத்துவாங்கக்கா."

"பென்சிலையும் சேத்துத்தான ஏத்துவாங்க?"

"நான் இல்லாம எப்பிடிக்கா ஏத்துவாங்க?"

"அதத்தான் நானும் சொன்னேன். செல்லப்பாண்டிதான் பொலம்பிக்கிட்டுத் திரியுறான். எந்தம்பி ரிக்கார்டு ரூம்ல ஒக்காந்திருக்கான்டா, நீ வாய மூடிக்கிட்டு ஒஞ் சோலியப் பாருன்னுட்டேன்."

அடுப்படியிலிருந்து சகாயராணி கேட்டாள். "ஏன் மதினி, ஓய்வு குடுத்துட்டா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாங்கள்ல?"

"அது எட்டு வருஷம் கழிச்சுல்ல தாயீ. அதுக்குள்ள மாதா என்னையக் கூப்பிட்டுக்குவா."

இரண்டே அறை கொண்ட கம்பெனி குவார்ட்டர்ஸ் அது. சகாயராணிக்கு அந்த எட்டு வருஷம் பெரிய ஆறுதலாக இருந்தது.

கிளம்பும்போது அக்கா இடுப்புச் சுருக்கிலிருந்து சின்னப் பொட்டலம் ஒன்றை எடுத்தாள். பழனி அடிவாரத்துக் கடையில் வாங்கியது. ஆரஞ்சுச் சுளை மாதிரியே ஒரு வாசனை ரப்பர். தம்பி மகள் புஷ்பமேரி கான்வென்ட்டிலிருந்து வந்ததும் கொடுக்கச் சொன்னாள். அந்தக் கான்வென்ட்டில் கம்பெனி ஸ்டாஃப் பிள்ளைகளுக்கு இடம் உண்டு. லயத்துப் பிள்ளைகளுக்குக் கிடையாது.

ஆடி மாதச் சாரலில் ஒரு நாள் சிலுவைராஜுக்கு அழைப்பு வந்தது. கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். நனைந்த காலோடு அந்தச் சில்லிட்ட தரையில் அவன் நின்றான். மதுரையிலிருந்து டைப் அடிக்க வந்திருந்த இரண்டு பெண்கள் ஸ்வெட்டருக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் அவனுடைய ரிஜிஸ்டர் ஒன்று விரிந்து கிடந்தது. நாற்காலி காலியாகத்தான் இருந்தது. உட்காரச் சொல்ல ஆளில்லை.

"ரிக்கார்ட்ஸ் நீங்கதானா?" என்றார் மெட்ராஸ்காரர். "என்ன சார் இது, பக்கத்துக்குப் பக்கம் கிறுக்கி வெச்சிருக்கீங்க? பொண்ணுங்க எந்த நம்பரை அடிக்கிறதுன்னு தெரியாம முழிக்கிறாங்க."

"சார், அது வந்து, ஆளுங்களுக்கு ரெண்டு வயசு..."

"ஒரு ஆளுக்கு ஒரு வயசுதான். உங்க ஊர்ல என்ன ரெண்டு தடவை பொறப்பாங்களா?"

டைப் அடிக்கிற பெண்கள் சிரித்தார்கள். நல்லசாமி இன்னும் சத்தமாகச் சிரித்தார்.

"பென்சில்ல இருக்கறது ரிக்கார்டே கெடையாது. எல்லாத்தையும் அழிச்சு, நீட்டா ஆக்கிக் குடுங்க. அது போதும் உங்ககிட்ட."

நல்லசாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். "என்ன சிலுவை? எதுவும் சொல்லணுமா?"

கேட்டால் சொல்லுவேன் என்றவன் அவன். இதோ கேட்டாகிவிட்டது. அவன் தன் ஈரக் காலையே பார்த்துக்கொண்டு நின்றான். நகத்தில் சேறு இருந்தது.

"ஒண்ணுமில்லீங்க" என்றான்.

ரிக்கார்டு ரூமுக்குத் திரும்பிப் போகும்போது அவனுக்குள் ஒரே பொருமல். அழிக்கச் சொன்னாயா, அழிக்கிறேன். அத்தனை பென்சிலும் என் மண்டைக்குள் இருக்கிறது. நாளைக்கு இந்த மிஷின் கோளாறாகச் சொல்லும், நீயே வந்து என் வாசலில் நிற்பாய், அப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். இப்படியே நினைத்து நினைத்துத் தன்னைத் தேற்றிக்கொண்டான். மூடத்தனத்துக்கு வைராக்கியம் என்று பேர் வைத்துக்கொண்டால் அது எவ்வளவு தூரமும் இழுத்துக்கொண்டு போகும்.

ஆபீஸ் ரப்பர் கட்டையாக இறுகிப் போயிருந்தது. ஈரக் காகிதத்தில் தேய்த்தால் கிழித்துவிட்டது. வீட்டுக்குப் போய்ப் புஷ்பமேரியின் டப்பாவிலிருந்து அந்த வாசனை ரப்பரை எடுத்துவந்தான். குமுட்டியை மூட்டிப் பக்கத்தில் வைத்து, தாளை அனலில் காட்டிக் காட்டி அழித்தான். செல்லப்பாண்டி போனான். சின்னத்தாயி போனாள். செத்துப்போன லூர்துசாமியின் குண்டு குண்டான எழுத்துகள் சாம்பல் நிறத் துகளாக உருண்டு விழுந்தன. அறை முழுக்க ஆரஞ்சு வாசனை.

அக்காவின் பக்கம் வந்தபோது கை நின்றது. இதை மட்டும் விட்டுவிடலாமா என்று நினைத்தான். அந்தப் பெண்கள் இதைப் பார்த்து, இது யாரு உங்க சொந்தமா என்று கேட்டுச் சிரிப்பார்களே என்றும் நினைத்தான். அந்தச் சிரிப்பு காதில் கேட்ட உடனே ரப்பரை வைத்துத் தேய்த்துவிட்டான். மற்றவர்களுடையதைவிடச் சுத்தமாகவே அழிந்தது.

மசியில் உள்ளதைத் தவிர வேறு எந்தப் பதிவும் இல்லை என்று சரிபார்த்ததாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். போட்டுக் கொடுத்தான்.

சட்டையைத் துவைக்க எடுத்த சகாயராணி பையை உதறினாள். கல்லில் கறுப்புத் துகள் கொட்டியது. மோந்து பார்த்தாள்.

"என்னங்க இது, புள்ளையோட ரப்பர் வாசம் அடிக்குது?"

சொல்லிவிட்டான். அவள் வெகுநேரம் சட்டையைத் தேய்க்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். "மதினியோடதையுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மிஷின் முட்டிக்கொள்ளவே இல்லை. கர்ரென்று சத்தம் போட்டு, ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் பெயர் பெயராகத் துப்பியது. ஐம்பத்தைந்து முடிந்தும் வேலையில் இருப்பவர்கள் என்று பட்டியல். லயத்துக்கு லயம் ஆள் இருந்தார்கள். ஆள் குறைக்க எத்தனையோ நாளாக வழி தேடிக்கொண்டிருந்த மெட்ராஸ் தலைமை ஆபீஸ் நல்லசாமியைப் பாராட்டிக் கடிதம் போட்டது. பட்டியலின் நடுவில் கித்தேரியம்மாள் இருந்தாள்.

சிலுவைராஜ் கூப்பிடாமலே மானேஜர் அறைக்குள் போனான்.

"ஐயா, இதுல தப்பு இருக்குங்க. இவங்களுக்கெல்லாம் நிஜ வயசு கம்மி. நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன், எழுதிக்கங்க."

"எழுத்துல இருக்கா?"

"மனசுல இருக்குங்க. முன்னாடி பென்சில்ல இருந்துச்சு. அந்தப்படிதான் வருஷா வருஷம் பட்டியல் போட்டோம்."

நல்லசாமி சாவகாசமாக மேசை இழுப்பறையைத் திறந்து, அந்தத் தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்தார். "இது யாரு கையெழுத்து?"

"என்னோடதுதாங்க."

"வேற பதிவு இல்லைன்னு நீதான எழுதிக் குடுத்திருக்க? இருந்துச்சுன்னா அழிச்சது யாரு? நாங்க கிறுக்கலத்தான் அழிக்கச் சொன்னோம். வயசுன்னு நீ சொல்லவே இல்லையே. வாயத் தொறந்து கேட்டேன்ல, எதுவும் சொல்லணுமான்னு?"

அவன் நின்றான்.

"ஆளுங்க ரிக்கார்டை அழிச்சவனை என்ன செய்யணும்னு நீயே சொல்லு. வேலையும் போகும், குவார்ட்டர்ஸும் போகும், புள்ளைக்கு கான்வென்ட்டும் போகும். நான் அப்பிடிச் செய்யுற ஆளில்ல. நீ இதப் பேசலைன்னா நானும் பேசல. கம்ப்யூட்டர் செக்ஷன்ல ஒனக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கேன், போ."

அவர் குரலில் கோபமே இல்லை. பெரும்பாறைக்குப் போய் நோட்டீசைக் கொடுத்து வருகிற வேலையையும் அன்றைக்கே அவனுக்குக் கொடுத்தார். ஆட்களைத் தெரிந்தவன் நீதான் என்றார்.

பெரும்பாறையில் அன்றைக்கு மூடுபனி. பறித்த பழத்தை நிறுத்துக்கொண்டிருந்த நேரம். சிலுவைராஜ் பேர் பேராகக் கூப்பிட்டு நோட்டீசைக் கொடுத்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்தும் சொன்னான். மாதக் கடைசியோடு வேலை இல்லை, வீட்டையும் ஒழித்துக் கொடுக்க வேண்டும். செல்லப்பாண்டிதான் கூடையைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு வந்தான்.

"ரைட்டரே, எனக்குப் பென்சில்ல ஒம்பது வருஷம் கெடக்கு. ஒமக்குத் தெரியாதா?"

"மிஷினு ஒத்துக்கலப்பா."

"மிஷினுக்கு யாருய்யா சொல்லிக் குடுத்தா? அந்தப் பென்சிலக் காட்டுனீரா, இல்லையா? அத மட்டும் சொல்லும்."

சிலுவைராஜ் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றாள். அவள் கையிலும் நோட்டீஸ் இருந்தது. தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

"ஏலே செல்லப்பாண்டி, எந்தம்பிய ஒண்ணும் சொல்லாத. அவன் காட்டாமயா இருப்பான்? கூடப்பொறந்தவ பேரே இதுல இருக்கையில அவன் போராடாமயா இருந்திருப்பான்? மூஞ்சியப் பாருடா, எப்பிடிச் செத்துப்போயிக் கெடக்குன்னு. மாதா சத்தியமாச் சொல்றேன், அவன் மேல தப்பு இல்ல."

செல்லப்பாண்டி அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். "நீ சொன்னாச் சரிக்கா" என்று கூடையை நிமிர்த்தப் போனான். அக்காவுடைய சத்தியத்துக்கு அந்த லயத்தில் அவ்வளவு மதிப்பு இருந்தது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சகாயராணியிடம் கேட்டான். "அக்காவ இங்க கூட்டிட்டு வந்துருவமா?"

"எங்க படுப்பாங்க? புஷ்பம் பரிச்சைக்குப் படிக்க வேணாமா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "அவங்க மூஞ்சியத் தெனமும் பாத்துக்கிட்டு ஒங்களால சோறு திங்க முடியுமா? வெள்ளந்தியா ஏதாச்சும் கேப்பாங்க. நீங்க ஒளறிருவீங்க. அப்புறம் நம்ம மூணு பேரும் தெருவுல நிக்கணும்" என்றாள்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததில் அவனுக்கு ஆறுதல்கூட இருந்தது.

அக்கா லயத்து வீட்டை ஒழித்தாள். ஒரு டிரங்குப் பெட்டி, அம்மிக்கல், மாதா படம். இடுப்பு இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது, நாற்பத்தேழு வயசுக்காரிக்கு இருக்க வேண்டிய மாதிரி. காண்ட்ராக்டர் வேலப்பன் அதே தோட்டத்துக்குத் தினக்கூலி ஆட்களை விட்டுக்கொண்டிருந்தான். ஓய்வு கொடுத்தவர்களில் தெம்பிருந்தவர்களை அவன் சேர்த்துக்கொண்டான். நேற்று வரை பறித்த அதே செடி, அதே சரிவு. குடியிருக்க ஆற்றோரம் ஒரு தகரக் கொட்டகை. மழைக்கு ஒரு பக்கம் ஒழுகும், காற்றுக்கு ஒரு பக்கம் தூக்கும். செல்லப்பாண்டி அதிலேயே முதல் மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டிச் செத்தான். அடக்கத்துக்குச் சிலுவைராஜ் போனபோது எல்லோரும் விலகி வழி விட்டார்கள். ஆபீசிலிருந்து வந்தவர் என்ற மரியாதை.

மறுவருஷம் காண்ட்ராக்ட் ஆட்களையும் மிஷினில் ஏற்றப்போவதாகப் பேச்சு வந்தது. கம்பெனி ஓய்வு கொடுத்தவர்கள் காண்ட்ராக்டில் வரக் கூடாது என்றும், மிஷினே பேரைப் பொருத்திப் பார்த்துத் தள்ளிவிடும் என்றும் சொன்னார்கள். அதற்கான கூட்டத்தன்று அக்கா வெள்ளனே பஸ் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்குப் போகவில்லை. ஆபீசுக்கு எதிரே பஷீரின் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏலே, இந்தத் தடவயும் பென்சிலப் பத்தி எடுத்துச் சொல்லுடா. கொட்டகையும் போச்சுன்னா நான் எங்க போவேன்? எனக்குன்னு கேக்க வேணாம். எல்லாத்துக்கும் சேத்துக் கேளு."

"கேக்குறேன்க்கா" என்றான்.

மாடியில் அவனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். நாற்காலி போட்டார்கள். காப்பியும் முந்திரி பிஸ்கெட்டும் வந்தன. பழைய மெட்ராஸ்காரர் இல்லை, வேறொருவர் வந்திருந்தார். சின்ன வயது. எழுந்து நின்று கை கொடுத்தார்.

"சார், போன சிஸ்டத்துல உங்கள மாதிரி ஆளைக் கடைசியில கூப்பிட்டாங்களாம். அது தப்பு. ரிக்கார்ட்ஸ் பாக்கறவங்கள முதல்லயே உட்கார வெச்சுக் கேட்டாத்தான் வேலை உருப்படும். அதனாலதான் உங்ககிட்ட இருந்தே ஆரம்பிக்கறேன். ஆளுங்க வயசு விஷயத்துல எங்களுக்குத் தெரியாதது ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிட்டீங்கன்னா இன்னொரு கட்டம் சேக்கறது ரொம்பச் சின்ன வேலை. போன லிஸ்ட்டையும் சரி பண்ணிடலாம்."

அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நிஜமாகவே காத்திருந்தார். நல்லசாமி காப்பியைக் கலக்கிக்கொண்டே சிலுவைராஜைப் பார்த்தார்.

"சொல்லு சிலுவை" என்றார். "பென்சில் கின்சில்னு எதுவும் இருக்கா?"

சிலுவைராஜுக்கு எல்லாம் நினைவிருந்தது. ஒரு பெயர்கூட மறக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கீழே பஷீரின் கடை பெஞ்சு தெரிந்தது. அவன் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"அப்பிடி ஒண்ணும் இல்லீங்க" என்றான்.

"குட்" என்று அந்தச் சின்ன வயதுக்காரர் எழுதிக்கொண்டார். நல்லசாமி பிஸ்கெட் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் இறங்கி வருவதைப் பார்த்ததும் அக்கா எழுந்து நின்றாள்.

"நாற்காலி போட்டாங்களாடா?"

"போட்டாங்கக்கா."

"காப்பி?"

"குடுத்தாங்க."

"ஒன்னையத்தான் மொதல்ல கூப்பிட்டாங்களாமே, பாய் சொன்னாரு." அவள் முகம் மலர்ந்திருந்தது. "கேட்டியா?"

"கேட்டேன்க்கா. எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். ஒரு ஆளுக்கு ஒரு வயசுக்குத்தான் மிஷின்ல எடம் இருக்காம்."

பஷீர் கிளாஸ் கழுவுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். பிறகு பைக்குள் கையை விட்டு ஒரு ஆரஞ்சை எடுத்து, தோலை உரிக்கத் தொடங்கினாள். அந்த வாசனை எழுந்து வந்ததும் சிலுவைராஜ் ஓரடி பின்னால் போனான்.

"நீ என்னடா செய்வ" என்றாள். நாரை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தம் செய்து, சுளையை அவன் கையில் வைத்தாள். "இந்தா, தின்னு. எங்களுக்காகப் பேசிப் பேசித் தொண்டை வறண்டு போயிருக்கும்."